நோன்புக்கு முந்திய பற்பசை

கல்முனைச் சந்தைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வத்தகப்பழம் வாங்கப் போவதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. வியாபாரி பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி நீட்டுவார். நல்ல சிவப்பு, வாயில் போட்டால் சீனி. வேறு யாராவது என்றால் காசைக் கொடுத்துவிட்டுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். இவள் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டாள். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரைக் கூப்பிடுவாள்.

"அடுத்த பக்கத்தாலயும் ஒருக்கா வெட்டுங்க காக்கா."

"என்ன மகள், இது நல்லாத்தானே இரிக்கு?"

"நல்லா இரிக்கு. அதான் கேக்கிறன்."

மனுசன் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு மறுபக்கமும் வெட்டுவார். அதுவும் சிவப்பாக இருந்தால்தான் வாங்குவாள். ஆனால் முதல் துண்டே வெளிறிக் கிடந்தால் ஒரு கேள்வியும் இல்லை. "சரி காக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். மறுபக்கம் சிவப்பாக இருக்குமோ என்று பார்க்கவே மாட்டாள்.

இது என்ன நியாயம் என்று நான் ஒருநாள் நடுச்சந்தையில் வைத்துச் சண்டை பிடித்தேன். அவள் ஆறுதலாகச் சொன்னாள்.

"கெட்டது ஒருக்கா வந்தாப் போதும் புள்ள, நம்பிரலாம். நல்லது ரெண்டாந்தரமும் வரணும்."

அவளை இந்த ஒரு வசனத்துக்குள் மடித்து வைத்துவிடலாம். பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "அது நான்தான் எண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டுத் தொலைப்பாள்.

நான் காரைதீவு. அவள் பக்கத்து ஊர், சாய்ந்தமருது. தோழிகளாக ஒன்றாகப் படித்து முடித்து, கடற்கரையோரம் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் இருவரும் தற்காலிக உதவியாளர்களாகச் சேர்ந்தோம். காலையில் ஒரே பஸ், பகலில் ஒரே மேசை. அவளுடைய உம்மா கட்டிக் கொடுக்கிற சோற்றுப் பார்சலில் பாதி எனக்கு. அவளோடு பழகுவதென்றால் இந்த நம்பாத குணத்தோடும் பழக வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று அவளுக்கு நல்ல பெறுபேறு. உம்மா சந்தோசத்தில் இனிப்புத் தொதல் கிண்ட அடுப்பு மூட்டியிருக்கிறார். இவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு, "நாளைக்கும் இதே ரிசல்ட் நிண்டாக் கிண்டுங்க" என்றாளாம். உம்மா இதை எனக்குச் சொல்லும்போது இன்னும் கோபம் தீராமல் இருந்தார்.

மாப்பிள்ளை விசயத்திலும் அப்படித்தான். ஒரு நல்ல இடத்தில் பேச்சு வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். இவள் உம்மாவிடம், "இன்னொருக்கா வந்து சொல்லட்டும், அதுக்குப் பொறவு யோசிப்பம்" என்றாள்.

"அல்லாஹ்வே! ஒருக்கா வந்ததே பெரிய விசயம் மகள்! வீடு வளவெல்லாம் குடுக்கிறம் எண்ட பொறவும் யோசிச்சு யோசிச்சு வந்தவங்க!"

அவர்கள் இரண்டாந்தரம் வரவில்லை. இவள் அதற்காக ஒரு நேரச் சோறுகூடக் குறைத்துச் சாப்பிடவில்லை. கெட்டது ஒருக்கா வந்துவிட்டது, கணக்கு முடிந்தது. உம்மாதான் ஒரு கிழமை யாரோடும் கதைக்காமல் இருந்தார்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்களுக்குக் கிடைத்த வேலை டைட்டானியமும் அலுமினியமும் கலந்த ஒரு கலப்புலோகத்தைச் சுடுவது. விமான எஞ்சினுக்குள் சுழலுகிற தகடுகளுக்கு அது நல்ல சாமான். பாரம் குறைவு, பலம் கூட. ஆனால் ஒரு வியாதி இருக்கிறது. சூடு ஏறி ஏறித் தணலாகும்போது காற்றிலிருக்கிற ஒட்சிசன் அதைத் தின்னத் தொடங்கும். எங்கள் கடற்கரைப் பக்கத்து ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று தின்னுகிற மாதிரித்தான். உலோகத்துக்கு மேலே ஒரு தோல் வளரும். அந்தத் தோல் தனி அலுமினிய ஒட்சைட்டாக இருந்தால் தப்பிவிடலாம். மெல்லியதாக, இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே காற்றை விடாது. டைட்டானியமும் கலந்து வந்தால் தோல் பொருபொருத்து, ஆறும்போது வெடித்துச் செதில் செதிலாகக் கொட்டும். பிறகு உள்ளிருக்கிற புது உலோகமும் தின்னப்படும். நையோபியம் என்ற இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்தால் இந்த வியாதி குறையும் என்பது தெரிந்த விசயம். ஆனால் நையோபியம் விலை கூடின சாமான், பாரமும் கூட.

ஜெர்மனியில் ஒரு பேராசிரியர், ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான எங்கள் சேருக்குப் பழக்கம். அவர் தபாலில் சட்டைப் பொத்தான் அளவில் உலோகத் துண்டுகள் அனுப்பியிருந்தார். ஒரு வகையில் நையோபியம் கூட, மற்ற வகையில் குறைவு. மினுக்கி, தராசில் நிறுத்து, உலையில் வைத்துச் சுட்டு, திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை கூடினால் ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். செதில் கொட்டினால் அதையும் கூட்டி அள்ளி நிறுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. அதை நன்றாகச் செய்தால் அவளுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் எடுக்க ஓர் இடம் கிடைக்கக்கூடும் என்று சேர் சொல்லியிருந்தார். அவள் படிக்க விரும்பியது அந்த ஒன்றைத்தான். வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அது பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். கரண்ட் வரும், போகும். வந்ததும் ஊரே கூ என்று சத்தம் போடும். இவள் மட்டும், "நிக்குதா பாப்பம்" என்று மெழுகுதிரியை அணைக்காமல் இருப்பாள். கப்பலில் சாமான் வருவது நின்றுபோனதால் உலோகம் மினுக்குகிற பசை முடிந்து, புதியது கிடைக்கவில்லை. வெள்ளிக் கொலுசைப் பற்பசையால் மினுக்குகிறார்களே, இதையும் மினுக்கினால் என்ன என்று அவள்தான் யோசித்தாள். வீட்டிலிருந்து பற்பசைக் குழாயைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அன்று நானும் வாசலில் நின்றேன்.

"பல்லு விளக்குற பேஸ்ட்ட எங்க கொண்டு போறாய்?"

"இரும்பு விளக்க உம்மா."

"இரும்புக்கு என்ன, பல்லா இரிக்கு? விலை தெரியுமா அதுக்கு?"

பற்பசை அற்புதமாக மினுக்கியது. முகம் பார்க்கலாம். நையோபியம் குறைந்த பொத்தான்களை முதலில் எடுத்து, துணியில் தேய்த்துத் தேய்த்து மினுக்கினோம். கரண்ட் இல்லாமல் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுப்பதும் கஷ்டம் என்பதால் மேலோட்டமாக அலசித் துடைத்தோம். அந்த வகையில் சிலவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று மினுக்காமல் ஒதுக்கி வைத்தோம்.

அதற்குள் நோன்பு வந்துவிட்டது.

மினுக்கும்போது முகத்தைத் துணிக்குக் கிட்டக் குனிந்து வைத்திருக்க வேண்டும். பற்பசையின் மணம் அப்படியே மூக்குக்குள் ஏறும், வாயில் எச்சில் ஊறும். நோன்போடு இருக்கிறவள் வழக்கம்போலத்தான் தேய்க்க உட்கார்ந்தாள். அடிக்கடி எழும்பி ஜன்னலடிக்குப் போய் வந்தாள். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. அவளுக்கு முன்னால் நான் மட்டும் அதைத் தேய்க்கலாம் என்றால், அதற்கும் மனம் வரவில்லை. அவள் நோன்பு பிடிக்கிற மாதத்தில் என் தண்ணீர்ப் போத்தலைக்கூட நான் மேசையில் வைப்பதில்லை.

"இந்த மாசம் பேஸ்ட் வேணாம்" என்றேன். "நான் உமிச்சாம்பல் கொண்டாறன். எங்கட அம்மா குத்துவிளக்கையே அதாலதான் மினுக்கிற."

"சாம்பல் கீறாதா புள்ள?"

"துணியில அரிச்செடுத்தா மா மாதிரி வரும்."

மாவடிப்பள்ளி அரிசி ஆலையில் உமிச்சாம்பல் குவியலாகக் கிடக்கும். அள்ளிவந்து அரித்தேன். முதல் பொத்தான் பளிச்சென்று வந்தது. அவள் விடுவாளா? இரண்டாவது பொத்தானையும் தேய்த்து, அதுவும் பளிச்சென்று வந்த பிறகுதான் ஓம் என்றாள். அதோடு அந்தக் கதையை நாங்கள் மறந்துவிட்டோம். மினுங்கினால் மினுங்கினதுதானே, எதனால் மினுக்கினால் என்ன? நையோபியம் கூடின வகை முழுவதையும் நோன்பு மாதத்தில் சாம்பலால் மினுக்கி முடித்தோம்.

இரண்டு வகையையும் ஒரே உலையில் ஒரே சூட்டில் வைத்தோம். கரண்ட் போனால் உலை ஆறும், வந்தால் ஏறும். விமானமும் ஏறி இறங்குவதுதானே என்று சேர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெளியே எடுத்தபோது மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். நையோபியம் கூடின பொத்தான்கள் அழுக்கு மஞ்சளாய்த் தோல் தடித்து, ஓரங்களில் பொரிந்திருந்தன. கொட்டிப்போக வேண்டிய மற்றவையோ ஒரு செதில் இல்லாமல், மெல்லிய சாம்பல் நீலத்தில் சும்மா இருந்தன. தராசும் அதையே சொன்னது. எடை ஏறவே இல்லை என்று சொல்லலாம்.

"நையோபியமே தேவையில்ல எண்டுறியா!" சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "மாஷா அல்லாஹ்! எல்லாரும் தலகீழாத்தான் யோசிச்சிரிக்கானுகள்!"

அவள் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் சொல்லப் போவது எனக்குத் தெரியும், சேருக்கும் தெரியும். அதனால் அவர் அவள் வாயைத் திறக்க முன்னமே அறிக்கையை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார். பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறையாகப் பதில் எழுதினார். இடம் இருக்கிறது, உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றார். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் கட்டையாக நின்றாள்.

"ரெண்டாந்தரமும் வரட்டும்."

"உனக்குச் சந்தோசப்படவே தெரியாதா?" என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

ஒதுக்கி வைத்த நையோபியம் குறைந்த பொத்தான்களை எடுத்து மினுக்கினாள். நோன்பு இன்னும் முடியவில்லை, ஆகவே சாம்பலால்தான். அதே உலை, அதே சூடு. வெளியே வந்தவை தட்டில் வைத்ததும் படபடவென்று செதில் கொட்டின. வைத்தியம் பார்க்க ஏலாத மாதிரிக் கொட்டின.

சேர் கரண்ட் வெட்டைக் குற்றம் சொன்னார். உலை ஆறி ஆறி ஏறினால் தோல் வெடிக்கத்தான் செய்யும் என்றார். அது உண்மைதான். "முதல் தரமும் கரண்ட் வெட்டினதுதானே சேர்" என்று அவள் சொன்னதும் உண்மை. பிறகு பெருநாள் வரும்வரை அவள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. தராசைச் சந்தேகப்பட்டாள், உலையைச் சந்தேகப்பட்டாள், ஜெர்மனிக்காரர் பொத்தானை மாற்றி அனுப்பிவிட்டாரோ என்று அவரையும் சந்தேகப்பட்டாள்.

பெருநாள் முடிந்து திரும்பி வந்த அன்று எனக்கு வட்டிலப்பம் கொண்டு வந்தாள். நான் அதை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். அவள் அலுமாரியிலிருந்த பழைய பற்பசைக் குழாயை எடுத்து மூடியைத் திறந்தாள். இனி மணத்தால் கஷ்டமில்லை, பழையபடி இதாலேயே மினுக்கலாம் என்று நினைத்திருப்பாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"புள்ள, நல்லா வந்ததெல்லாம் நோன்புக்கு முந்தி மினுக்கினது."

"ஓம், அதுக்கென்ன?"

"நோன்புக்குள்ள மினுக்கினது ஒண்டும் நல்லா வரல்ல. ரெண்டு வகையும்தான்."

நான் வாயில் வட்டிலப்பத்தோடு விழித்தேன். அவள் குழாயைத் திருப்பி, பல்லுச் சொத்தையாகாமல் காக்கப் புளோரைட் சேர்த்திருக்கிறது என்று பின்னால் போட்டிருந்ததைச் சத்தமாக வாசித்தாள்.

அன்று அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. மிச்சம் கிடந்த ஒரு பொத்தானை எடுத்தாள். அதன் ஒரு பாதியைப் பற்பசையால் மினுக்கினாள், மறுபாதியைச் சாம்பலால். உலைக்குள் வைத்து எடுத்தபோது நடுவே கோடு போட்ட மாதிரி இருந்தது. ஒரு பாதி அமைதியாக, மறுபாதி பொரிந்து உதிர்ந்து. இன்னொரு பொத்தானிலும் செய்தாள். அதே கோடு.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டோம். சூட்டில் புளோரின் உள்ளேயிருக்கிற அலுமினியத்தை மட்டும் கையைப் பிடித்து மேலே கூட்டி வருமாம், டைட்டானியத்தைக் கீழேயே விட்டுவிடுமாம். அதனால் மேலே தனி அலுமினியத் தோல் விழுந்துவிடும். பற்பசையை நாங்கள் சரியாக அலசாமல் விட்டதும் அதற்கு வாய்ப்பாகிப் போனது. நையோபியம் இதில் ஒன்றுமே செய்யவில்லை, பாவம், அதன் பெயர்தான் கெட்டது. இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் புளோரின் சூட்சுமம் புதிதே இல்லை. வெளிநாடுகளில் எப்போதோ கண்டுபிடித்து, வேறு வழிகளில் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறார்களாம்.

"அப்ப எழுதிரணும்" என்றாள். "அந்த ரிப்போட் பிழை எண்டு."

சேர் தலையில் கைவைத்தார். "இடம் போயிரும் மகள். அவர் அந்த ரிசல்ட்டுக்காகத்தான் கூப்பிடுறார். போய்ச் சேர்ந்த பொறவு சொல்லேன்."

நானும் சேரின் பக்கம்தான் நின்றேன். ஊரில் பாதிப் பேர் பாஸ்போட் வரிசையில் நிற்கிறார்கள், இவளுக்குக் கதவு தானாகத் திறந்திருக்கிறது. "நாம பொய் சொல்லல்லயே. கண்ணால கண்டதைத்தானே எழுதின" என்றேன்.

"பொய்யில்லதான். ஆனா அது பேஸ்ட் செஞ்ச வேலை புள்ள. அதுக்கு நான் எப்பிடி அந்த இடத்த எடுக்கிற?"

நோன்பு, புதினா மணம், உமிச்சாம்பல், அம்மாவின் குத்துவிளக்கு, ஒன்றையும் விடாமல் எழுதி அனுப்பினாள். பதில் சுருக்கமாக வந்தது. பேராசிரியர் நன்றி சொல்லியிருந்தார். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்றும் எழுதியிருந்தார்.

"சரி" என்றாள். கெட்டது ஒருக்கா வந்தால் போதும் அல்லவா, திரும்பிக்கூட வாசிக்கவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் அவள் எனக்கு முகம் காட்டாமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது கண் சிவந்திருந்தது. அந்தப் பேராசிரியரையும் பற்பசையையும் உமியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

நெருக்கடி கொஞ்சம் தணிந்து, வரிசைகளும் குறைந்த பிறகு ஒருநாள் நான் அவளுடைய வீட்டில் இருந்தேன். போனைப் பார்த்தவள் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இடியப்பம் பிழியப் போனாள். எனக்கு மூக்கு வியர்த்தது. எடுத்துப் பார்த்தேன். அதே பேராசிரியர். புளோரின் வேலையையே செய்கிற ஒரு குழுவில் இடம் வந்திருக்கிறதாம். அவளுடைய கடிதத்தை அங்கே எல்லோரும் வாசித்துச் சிரித்தார்களாம், தன் பிழையைத் தானே இப்படித் துரத்திப் பிடிக்கிற ஆள்தான் வேண்டும் என்கிறார்களாம். வரச் சம்மதமா என்று கேட்டிருந்தார்.

நான் கத்திய கத்தலில் உம்மா ஓடிவந்தார். விசயத்தைச் சொன்னேன். ஜெர்மனிக் கதையையே அப்போதுதான் அவர் முதன்முதலாகக் கேட்கிறார். முன்னமே ஒரு தரம் கூப்பிட்டு, அது கைவிட்டுப் போன கதையையும் சேர்த்துச் சொன்னேன். இவள் இடியப்ப உரலை நசுக்கிக்கொண்டே, "பொறுங்க, இன்னொருக்கா எழுதிக் கேட்டு…" என்று தொடங்கினாள்.

உம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். இத்தனை வருசமும் அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் கொதித்த மனுசி அவர்.

"என்னத்தக் கேக்கிற? முதல் ஒருக்கா வந்தது, போனது. இப்ப திரும்ப வந்திரிக்கு. இதான்டி ரெண்டாந்தரம்!"

அவள் உரலைப் பிடித்தபடி உம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மாக் கையோடு உம்மாவைக் கட்டிப்பிடித்து, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். கூடவே அழுகையும் வந்தது. இத்தனை காலமும் அடைத்து வைத்த சந்தோசமெல்லாம் ஒரேயடியாக வந்தது. உம்மா அன்றே தொதல் கிண்டினார். இந்த முறை யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

போய்விட்டாள். நான் இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறேன். மினுக்குகிற பசை தாராளமாக வருகிறது, பற்பசை பல்லுக்கு மட்டும்தான். சோற்றுப் பார்சலில் பாதி தர ஆளில்லை. நோன்பு மாதம் வந்தால் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்கலாம், யாரும் இல்லை. ஆனாலும் வைப்பதில்லை. அடுத்த வருசம் வாறன், அடுத்த வருசம் வாறன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கெட்டது ஒருக்கா வந்தால் நம்பலாம் என்று அவள்தானே பழக்கினாள், இனி வரமாட்டாள் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

போன கிழமை அழைப்பு வந்தது.

"புள்ள, டிக்கட் எடுத்திட்டன். இந்தப் பெருநாளைக்கு ஊருல நிப்பன். உம்மாக்கு இன்னும் சொல்லல்ல."

எனக்குக் கூ என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனாலும் விட்டேனா?

"நல்லாத்தான் இரிக்கு" என்றேன். "திரும்ப ஒருக்கா சொல்லு."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறது கேட்டது. சிரித்து முடித்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னாள்.